கதவுக்கு இந்தப் பக்கம்

ஆக்சிஜன் மெஷின்காரருக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக அவள் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே, கொடிக்கயிறு சுற்றுவதுபோல. சுற்றச் சுற்ற அது வந்துகொண்டே இருந்தது. கட்டிலிலிருந்து கழிவறைவரை எட்டு மீட்டர் போதும் என்று அவளே அளந்து வாங்கிக் கொடுத்தது. இது எட்டு மீட்டர் இல்லை.

கட்டிலில் அப்பா கிடந்தார். கன்னத்தில் குழாயின் தடம் மட்டும் மிச்சம். தினமும் போனில் அவர் குரலுக்குப் பின்னால் அந்த மெஷினின் இரைச்சல் கேட்கும். மாத்திரை போட்டேன், சாப்ட்டேன், வை. அதற்குமேல் ஒரு சொல் வராது. இவள்தான் மாய்ந்து மாய்ந்து பேசுவாள். ஆபீஸ் கதை, வீட்டுக்கதை, மாடிப்படியில் வழுக்கிய கதை. அவர் 'ம்' என்பார். புறாக்களை விற்ற கோபம் இரண்டு வருஷமாக ஆறவில்லை என்று இவளும் விட்டுவிட்டாள்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். அம்மா போனபிறகு மொட்டைமாடியில் நாற்பத்திரண்டு புறாக்களோடு குடித்தனம் நடத்தியவர். இருமல் நிற்கவில்லை என்று ஸ்கேன் எடுத்தபோதுதான் டாக்டர் விளக்கினார். எச்சம் காய்ந்து பறக்கும் தூளும் இறகிலிருந்து உதிரும் மாவுப்பொடியும் வருஷக்கணக்காக உள்ளே போயிருக்கின்றன. சிலர் உடம்புக்கு அது ஆகாது. நுரையீரல் அதோடு சண்டை போட்டுப் போட்டு வீங்கி, தழும்பேறிவிட்டது. தழும்பு காற்றுக்கு இடம் கொடுக்காது. இனி அந்தப் பொடி மூச்சில் படவே கூடாது.

"முப்பது வருஷம் டீசல் புகை குடிச்சவனுக்குப் புறா இறகா எமன்?" என்று டாக்டர் முகத்துக்கு நேரே கேட்டார் அப்பா. புகையும் தன் பங்குக்குக் கெடுத்திருக்கும் என்றார் டாக்டர்.

இவள் விடவில்லை. அடுத்த ஊரில் ஒருவருக்குப் புறாக்களை விற்றாள். கூண்டுகளைப் பிரித்தாள். மாடியைக் கழுவிவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைத் தன் ஊருக்கே கொண்டுபோனாள். திறக்கமாட்டேன் என்று அவரிடம் வாக்கும் வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் அவர் யாரோடு பேசுவார் என்று அவள் யோசிக்காமல் இல்லை. முதலில் உயிர் இருக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். உயிரும் போய்விட்டது. ஒரு பறவைகூட இல்லாத வீட்டில் அவரைத் தனியாகச் சாகவிட்டோமா என்பதையேதான் காலையிலிருந்து அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குழாய் கூடத்தைத் தாண்டி, பின்வாசலைத் தாண்டி, மாடிப்படி ஏறிப்போனது.

"அண்ணே, இது ஏன் மேல போகுது?"

பக்கத்து வீட்டுத் தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் கையில் சுருட்டினார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று விடிந்ததும் போன் செய்தவர் அவர்தான்.

"மேல்படியில உக்காந்திருந்தார்மா. நான்தான் ஆளக் கூட்டி கட்டிலுக்குக் கொண்டுவந்தேன். நீ தாங்கமாட்டேன்னு..."

இந்த மூச்சை வைத்துக்கொண்டு பதினெட்டுப் படி எப்படி ஏறினார் என்று கேட்டாள். ஏறுவதற்கு அரைமணி நேரம் ஆகும் என்றார் அவர். அப்பா மெஷின்காரரிடம் கெஞ்சி நீளக் குழாய் வாங்கியது, தான் தானியம் வாங்கிக் கொடுத்தது, எல்லாவற்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். விற்ற ஒரு வாரத்திலேயே பத்துப் பன்னிரண்டு புறாக்கள் பறந்து வந்துவிட்டனவாம். பழகிய கூரைக்குப் புறா திரும்பி வந்துவிடும் என்று இவளுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். புறாக்களை வண்டியில் ஏற்றிய அன்று அவர் வாயே திறக்காததற்குக் காரணம் இப்போதுதான் விளங்கியது. கள்ளன்.

"கதவத் திறந்தாரா?"

"பூட்டு அப்படியேதாம்மா இருக்கு. உனக்குச் சொன்ன வார்த்தைன்னுட்டார். இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு பேசிட்டே இருப்பார். நீ போன்ல சொல்றதெல்லாம் அதுங்களுக்குச் சொல்லுவார். உன் மேனேஜரத் திட்டுறதுகூட."

அவள் குழாயைக் கீழே வைத்துவிட்டுப் படியேறினாள்.

பூட்டு துருவேறிக் கிடந்தது. கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி. அதன் முன்னே சிமெண்டுத் தரை கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகியிருந்தது. மேல்படியில் ஒரு தலையணை, தானிய டப்பா, தானியத்தை வெளியே தள்ள ஒரு மர ஸ்கேல். அந்த இடைவெளி வழியாகச் சாம்பல்நிறப் பொடி உள்ளே வந்து படியெல்லாம் படிந்திருந்தது. டாக்டர் சொன்ன அதே பொடி. அவரைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. அழுகைதான் வந்தது.

தலையணையில் உட்கார்ந்தாள். அந்தச் சத்தத்துக்கே வெளியே புறாக்கள் சிறகடித்துக்கொண்டு இறங்கின. கதவடியில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கால்களின் நிழல்கள் வந்து நின்றன.

கீழே அப்பாவைக் கொண்டுபோக வண்டி வந்துவிட்டதென்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் டப்பாவில் இருந்த தானியம் முழுவதையும் தரையில் கொட்டி, ஸ்கேலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். கொத்தும் சத்தம் மழைபோலக் கேட்டு, மெல்ல ஓய்ந்தது.

தின்று முடித்த பிறகும் நிழல்கள் நகரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவை காத்துக்கொண்டு நின்றன.