எரியாமல் நின்ற வீடு

“எவ்வளவு நல்ல மனுஷன், பாவம்” என்று சொல்லி அந்தப் பெண் வெல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை. அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று வெல்மா யோசிப்பதற்குள் பாதிரியார் வந்து நின்றார். அவர் ஏதோ சொன்னார், வெல்மா தலையாட்டினாள். அந்தப் பெண் சாப்பாட்டு மேசைக்குப் போய்த் தட்டு எடுத்துக்கொண்டாள்.

அவள் கணவர் ஆர்விலை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் நேராக வீட்டுக்கு வந்திருந்தார்கள். தேவாலயக் கூடம் போன கோடைத் தீயில் போய்விட்டது. சிடார் தெருவில் கூரையோடு நிற்பது இந்த வீடு ஒன்றுதான். பன்றி இறைச்சியும் மக்ரோனியும் பீச் பழக் கேக்கும் கொண்டுவந்தவர்கள், ஜன்னலோரம் நின்று எதிரே கிடந்த கரி மனைகளைப் பார்த்தார்கள். பிறகு கண்ணை உயர்த்தி இந்த வீட்டின் கூரையைப் பார்த்தார்கள். துக்க வீட்டில்கூட அந்தப் பார்வையை அவர்களால் அடக்க முடியவில்லை.

தீ அணைந்த மறுவாரமே அந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அரசாங்கமே வானத்திலிருந்து கதிர் பாய்ச்சிக் குறிபார்த்து எரித்ததாம். பச்சைக் கூரையில் அந்தக் கதிர் ஏறாதாம். ஆர்விலுக்கு முன்கூட்டியே தகவல் வந்திருந்தும் ஊரிடம் மறைத்துவிட்டாராம். கடையில் மிச்சமிருந்த தகடு பச்சை என்பதால் ஆர்வில் பச்சை போட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு வேறென்ன தகவல் வரும்? தீயணைப்புத் துறையினர் வீடு வீடாக வந்து சொன்னதைச் செய்தார். கூரையில் விழும் பைன் சருகை வாரிக் கொட்டினார். பரண் துவாரங்களுக்குச் சின்னக் கண் கம்பிவலை அடித்தார். சுவரோரச் செடிகளைப் பிடுங்கிவிட்டுச் சரளைக்கல் போட்டார். இதையெல்லாம் ஒன்று விடாமல் செய்த தெருக்கோடிப் பியர்லின் வீடும்தான் எரிந்தது.

“பாதி நம்ம கை, பாதி காத்து” என்பார் ஆர்வில். அந்தப் பதில் யாருக்கும் ருசிக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து கூரையைப் படம் பிடித்தார்கள். முட்டை எறிந்தார்கள். ஒருநாள் காலை தபால் பெட்டிக்குள் செத்த எலி கிடந்தது. அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஆர்வில் மார்பைப் பிடித்துக்கொண்டு சரளைக்கல்மேல் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்தார். வெல்மா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தெருவில் நின்ற காரிலிருந்து யாரோ அதை முழுவதும் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். வெல்மா அதை ஒரே ஒருமுறை பார்த்தாள். “ஐயோ, விழுந்துட்டாரு பாருங்க… வாய அடைச்சிட்டாங்க பாருங்க…” என்று ஒரு பெண்குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அன்றோடு ஆர்வில் துரோகி இல்லை, தியாகி. உண்மையைச் சொல்லவிருந்தவரைத் தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்று, முட்டை எறிந்தவர்களே மெழுகுவத்திப் படம் போட்டார்கள்.

“இந்த மக்ரோனி எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க” என்றது மேசைப் பக்கமிருந்து ஒரு குரல்.

வீடியோவில் கேட்ட அதே ‘பாருங்க’. வெல்மா நேராக அந்தப் பெண்ணிடம் போனாள்.

“யாரு நீ?”

லாயிட் குறுக்கே வந்தான். ஆர்விலின் தம்பி. எதிர் மனையில் அவன் வீடு இருந்தது. இப்போது அங்கே புகைபோக்கி மட்டும் நிற்கிறது.

“அண்ணி, இவங்க ஷெல்பி. என்கூடத்தான் வந்தாங்க.”

“அன்னைக்குக் கார்ல இருந்தது இவதானே?”

லாயிட் தன் ஷூவைப் பார்த்தான். “நான்தான் வரச் சொன்னேன். அண்ணன் ஒருவேளை இவங்ககிட்டயாவது வாயத் திறப்பாருன்னு…”

“கையில போன் இருந்ததில்ல? ஆம்புலன்ஸக் கூப்பிட அந்த விரலு வரலையா?”

“நான் பதறிப்போயிட்டேம்மா” என்றாள் ஷெல்பி. வாயோரத்தில் பாலாடைக்கட்டி ஒட்டியிருந்தது. “ஆனா அந்த வீடியோவாலதான் இன்னிக்கு ஊரு உலகமே உங்க வீட்டுக்காரருக்காக அழுவுது.”

“தட்ட வெச்சிட்டு வெளிய போ.”

“அவங்கள ஏன் விரட்டுறீங்க?” லாயிடின் குரல் ஏறியது. “அப்ப என் வீடு எப்படி எரிஞ்சதுன்னு நீங்களே சொல்லுங்க. ரோட்டுக்கு இந்தப் பக்கம் உங்க வீட்டுல ஒரு கண்ணாடி விரிசல் விடல. அந்தப் பக்கம் என் நாய் ரஸ்டி, கேரேஜுக்குள்ள, சங்கிலியோட…”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெல்மாவுக்குத் தெரியும். தீ வந்த அன்று தெருவைவிட்டுக் கடைசியாகக் கிளம்பியவர் ஆர்வில். தீ அப்போது மலைமுகட்டுக்கு அப்பால் இருந்தது. காற்றில் பறந்து வந்த கங்கு, லாயிட் கேரேஜ் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த விறகில் அவர் கண்ணெதிரே விழுந்தது. தெருவிலேயே முதலில் பற்றியது அதுதான். அந்த விறகைத் தள்ளி அடுக்கச் சொல்லி ஆர்வில் வசந்தம் முழுக்கக் கெஞ்சியிருந்தார். “நீ பாட்டுக்குச் சருக வாரிக்கிட்டே கிட” என்று லாயிட் சிரித்தான். நாய் உள்ளே கட்டிக் கிடப்பது ஆர்விலுக்கு அப்போது தெரியாது.

“அவன்கிட்ட இத மட்டும் சொல்லிடாத வெல்மா” என்று பிறகு சொன்னார். “வேலைக்குப் போகும்போது நாயக் கட்டிட்டுப் போனதும் அவன்தான்.”

இவர்கள் எல்லோர் முன்னாலும், ஷெல்பியின் முன்னாலும், ஒரே வாக்கியம் போதும். அது நாக்குவரை வந்துவிட்டது. லாயிடின் முகத்தைப் பார்த்தாள். ஆர்விலின் அதே மூக்கு.

“காத்து, லாயிட்” என்றாள்.

“காத்தாம்!” அவன் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவள் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “உங்களையும் மிரட்டி வெச்சிருக்காங்க. எனக்குப் புரியுது அண்ணி. பயப்படாதீங்க.”

அவள் அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

லாயிடும் ஷெல்பியும் வெளியே போனதும் பாதிரியார் மழையைப் பற்றிச் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். வெல்மா ஷெல்பியின் தட்டைச் சமையலறைக்கு எடுத்துப்போய் மிச்சத்தைக் குப்பையில் வழித்தாள். கொதிக்கும் நீரில் கழுவினாள். மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

தொட்டிக்கு மேலே ஜன்னல். எதிர் மனையில் லாயிட் நின்றிருந்தான். ஷெல்பி அவன் முன்னால் போனைப் பிடித்திருந்தாள். அவன் வானத்தைக் காட்டினான், பிறகு கையை மெதுவாகக் கேரேஜ் இருந்த இடத்துக்கு இறக்கினான். ஷெல்பி தலையை ஆட்டி, வெளிச்சம் விழும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி விரலால் சைகை காட்டினாள்.

லாயிட் தள்ளி நின்றான். கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.