மத்தியாசின் கண்ணுக்குள் ஒரு காற்றுக்குமிழ்

காற்றுக்கு முதுகைக் காட்டி என் பக்கமாக நெருங்கி உட்காருங்கள், செல்லங்களே. ஒரே ஒரு கண்ணுக்காக ஒரு புருஷனும் பெண்சாதியும் மல்லுக்கட்டின கதையைச் சொல்லப்போகிறேன். நடுவில் கொஞ்சம் பயமாக இருக்கும். அப்போது என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

எங்கள் தீவில் ஃபீனிக்ஸ் பே துறைக்கு மேலே, மேட்டில் கிரேசியின் வீடு. புருஷன் மத்தியாஸ் டிங்கி என்கிற சின்னப் படகு கட்டுகிறவர். தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த குடும்பம். ஆணி தெறித்து இடது கண் வாலிபத்திலேயே போயிற்று. மிச்சமிருந்த வலது கண்ணிலும், புரை எடுத்த பிறகு மெல்ல மெல்லப் பனி மூடியது. பலகையில் போட்ட கோடு தெரியவில்லை. சோற்றில் மீன் முள் தெரியவில்லை. கிரேசி முள்ளை எடுத்துவிட்டுப் பிசைந்து வைப்பாள். முள் ஏன் தட்டுப்படவில்லை என்று அவரும் கேட்டதில்லை.

கடலுக்கு அக்கரை மெயின்லேண்டிலிருந்து முகாமுக்கு வந்த கண் டாக்டர் உமா மகேஸ்வரி பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கருவிழி மாத்தணும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, முழுக் கனத்துக்கும் வட்டமா வெட்டி எடுத்துட்டு, தானமா வந்த கருவிழியை வச்சுச் சுத்தித் தையல் போடுறது. தையல் ஒரு வருஷத்துக்கு மேலகூட இருக்கும், பார்வை மெதுவாத்தான் தெளியும். பலமா அடிபட்டா அந்த இடம் பிரிஞ்சிடலாம், எத்தனை வருஷம் ஆனாலும். இன்னொண்ணு, உள்பக்கத்து மெல்லிசுப் படலத்தை மட்டும் மாத்துறது. சின்ன வெட்டு, சீக்கிரம் தெரியும். ஆனா அதைத் தையல் பிடிக்காது. கண்ணுக்குள்ள ஒரு காத்துக்குமிழ் விடுவோம், அது மேல தள்ளி ஒட்டவைக்கும். அதனால நீங்க மல்லாந்தே படுத்திருக்கணும். சில பேருக்குக் கழண்டுக்கவும் செய்யும். உங்களுக்குத் தழும்பு இல்ல, நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். வீட்ல பேசிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் மத்தியாஸ் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"முழுசா மாத்துறதுதான் வேலை. இத்துப்போன பலகைக்கு உள்ள ஒட்டுப்போட்டுக் குடுத்தா எவன் கடலுக்குப் போவான்? தையல் போட்டா பக்கா!"

 கிரேசி முகாமிலிருந்து கிளம்பும்போது வாசலில் நின்று, பனி ஏன் மூடுகிறது என்று டாக்டரிடம் கேட்டிருந்தாள். கருவிழியில் ஊறுகிற தண்ணீரை அந்த உள்படலம்தான் இறைத்து வெளியே தள்ளுமாம். அது ஓய்ந்துபோனதால்தான் தண்ணீர் தங்கி மங்குகிறதாம்.

"ஏங்க, ஒரு டிங்கியில தண்ணி நிக்குது. பலகை நல்லாத்தான் இருக்கு, பம்புதான் ஓடல. என்ன செய்வீங்க?"

"பம்ப மாத்துவேன்."

"பலகையெல்லாம் பேத்து எடுக்க மாட்டீங்களா?"

"என்னைப் பாகல்னு, பைத்தியக்காரன்னு நெனச்சியா?" என்றவர், தன் வாயாலேயே ஒத்துக்கொண்டது புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஏளா, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவ."

"உளியும் சுத்தியலுமா நிக்கிற ஆளு நீங்க. தையல் போட்ட கண்ண வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பீங்களா?"

கிரேசி சொன்ன வழியே முடிவாயிற்று. சென்னையில் உள்படலத்தை மாற்றிக் குமிழ் விட்டார்கள். ஆனால் மத்தியாஸ் பிறந்ததிலிருந்து குப்புறப் படுத்தே தூங்கினவர்.

"மல்லாக்கக் கெடந்தா பொணம்னு எங்க அப்பா அடிச்சே குப்புறப் போடுவாரு. இப்ப பாரு, காசு குடுத்துப் பொணமாக் கெடக்கேன்."

"வாய மூடிட்டுக் கூரையப் பாருங்க."

மறுநாள் மத்தியானம் கிரேசி கஞ்சி வாங்கப் போனாள். திரும்பி வந்தால், மனுஷர் தலையணையில் முகம் புதைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்! கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள். டாக்டர் பார்த்தார். படலத்தின் ஓரம் விலகியிருந்தது. இன்னொரு குமிழ் விட வேண்டும், ஒட்டினால் நல்லது என்றார்.

கிரேசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இருந்ததே ஒரு கண். அதையும் தன் வாய்தானே கெடுத்தது என்று நொந்துகொண்டாள்.

"நீங்க சொன்ன மாதிரி தையலே போட்டிருக்கலாம். நாந்தான் பெரிய இவளாட்டம் பேசினேன்."

மத்தியாஸ் கையை நீட்டித் துழாவி அவள் விரல்களைப் பிடித்தார்.

"அடச்சீ, அழாத. திரும்பிப் படுத்தது நான். உனக்கென்ன பங்கு? மாட்டுன பம்பு அசைஞ்சா இன்னொரு முறுக்கு முறுக்குறதுதான். டீக் ஹை, சரியா?"

இரண்டாவது குமிழ் விட்ட பிறகு கிரேசி கட்டிலின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. அவர் கன்னங்களை இரு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் அசைந்தால் காதைத் திருகினாள். கஞ்சியைப் பக்கத்துக் கட்டில்காரி வாங்கிவந்து கொடுத்தாள். கண்ணைக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெயர் தெரியாத ஆத்துமாவுக்காகவும் கிரேசியின் வாய் ஜெபம் முணுமுணுத்தது.

படலம் ஒட்டிக்கொண்டது. மிச்சக் குமிழ் கரையும்வரை விமானம் ஏறக்கூடாது என்பதால் கப்பலில் அனுப்பினார்கள். பார்வை இன்னும் புகையாகத்தான் இருந்தது. தெளியுமா, இவ்வளவுதானா என்று கேட்க இருவருக்குமே பயம். அதனால் கப்பல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

தீவுகள் தென்பட்ட காலையில் மத்தியாஸ் கம்பியைப் பிடித்து நின்றிருந்தார். கிரேசி டீயோடு வந்தாள். அவர் அவளையே உற்றுப் பார்த்தார்.

"ஏளா, இங்கன வா."

அவள் பதறி நெருங்கினாள். "என்ன, வலிக்குதா?"

"ஜாக்கெட்ட உள்வெளி மாத்திப் போட்டிருக்க. தையல் பூரா தெரியுது."

கிரேசி தோளைத் தடவிப் பார்த்தாள். ஆமாம்! "ஐயோ, கப்பல் முழுக்கப் பாத்திருப்பாங்களே!" என்று சேலையை இழுத்துப் போர்த்தினாள். சிரிப்பும் அழுகையுமாக டீ அவர் கையில் கொட்டியது. அவர் துடைக்கவும் இல்லை, பார்வையை எடுக்கவும் இல்லை.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும், செல்லங்களே. உங்கள் வாசலுக்கு வருகிறவர் பசியோடு திரும்பாதிருக்கட்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வீடு நிறைய நெடுங்காலம் வாழுங்கள்.