வளைவில் தூக்கும் கை

காகிதம் சர்ரென்று கிழிந்தது. "அடேங்கப்பா! மாமா, கத்தியா இது? பிளேடு!" என்று மச்சினன் சிரித்தான். அவன் சோதித்தது பிடியை ஒட்டிய நேர்ப்பகுதியில். தோல் உரிக்கிறவனுக்கு வேலையெல்லாம் முன்னால் வளைந்திருக்கிற பகுதியில்தான். அது அவனுக்கும் தெரியும். ஆனால் தீட்டிக் கொடுத்தது அக்கா புருஷன். அதற்குமேல் என்ன சந்தேகம் வேண்டிக்கிடக்கிறது?

கறிக்கூடத்தில் அக்கா புருஷனுக்குப் பெரிசு என்று பேர். மச்சினனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். இப்போது முதலாளி எதற்கெடுத்தாலும் சின்னவனைத்தான் கூப்பிடுகிறார். வயிறு எரியாதா? போதாக்குறைக்கு வேலை வேறு குறைந்துவிட்டது. "உரிக்க இனிமே ஒரு ஆள் போதும். ஆளுக்கொரு மாடு உரிங்க. எவன் தோல்ல ஓட்டை விழுதோ அவன் வீட்டுக்கு" என்று முதலாளி சொல்லிவிட்டார். மச்சினனுக்கு உரிக்கிற கை பிரமாதம். தீட்ட மட்டும் வராது, கற்றுக்கொள்ளவும் இல்லை. மாமாதான் இருக்கிறாரே!

கத்தியைக் கல்லில் இழுக்கும்போது வளைவு வந்ததும் பிடியைக் கொஞ்சம் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் வளைவு கல்லைத் தொடாமலே போய்விடும். பெரிசுக்கு மணிக்கட்டு தானாகத் தூக்கும், அத்தனை வருஷப் பழக்கம். அன்று காலையில் அதை இடதுகையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மச்சினனுடைய கத்தியைத் தீட்டினார்.

மாட்டின் விலாப்பக்கம் வந்ததும் கத்தி இறங்கவில்லை. மச்சினன் அழுத்தினான்.

"ஏன்டா இப்படிப் போட்டு அழுத்தற? ஓட்டை விழும்டா!" என்று பெரிசு கத்தினார், முதலாளி காதில் விழட்டும் என்று.

அவன் இன்னும் அழுத்தினான். வளைவு வழுக்கிக்கொண்டு தோலைக் குத்திக் கிழித்தது. பின்னாலேயே வந்த நேர்ப்பகுதி, தோலை இழுத்துப் பிடித்திருந்த இடதுகை விரல்களில் இறங்கியது. அதுதான் நன்றாகத் தீட்டியிருந்ததே.

"விரல் இருக்கும், மடங்காது" என்றார் டாக்டர்.

பெரிசு கேட்டது ஒரு ஓட்டை மட்டும்தான். விரலை யார் கேட்டார்கள்? இருந்தும் வேலை தங்கிவிட்டது என்ற நிம்மதியில் சாயங்காலம் அவருக்கு நன்றாகப் பசித்தது. என்ன ஜென்மமோ!

சமையலறையில் அவர் மனைவி, தம்பியின் கத்தியைக் கழுவி ஒரு தக்காளியில் வைத்து இழுத்தாள். நேர்ப்பகுதி வழுக்கிக்கொண்டு இறங்கியது. வளைவை வைத்து இழுத்தாள். தக்காளி நசுங்கியது.

"ஏங்க, இங்க மட்டும் ஏன் வெட்டல?"

"எப்பவும் போலத்தான் தீட்டினேன். அவன் அழுத்தினதுல மழுங்கியிருக்கும்."

அவள் கல்லைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துத் தண்ணீர் தெளித்தாள்.

"தம்பி, இங்க வா. வந்து மாமாவுக்கு எதிர்ல உக்காரு." கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி அவன் வந்து உட்கார்ந்தான். "ம், தீட்டுங்க. எப்பவும் போல."

பெரிசு கத்தியை வாங்கிக்கொண்டார். தூக்கக் கூடாது, தூக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கத்தியை இழுத்தார். இடதுகை காலையில் பிடித்த இடத்துக்கே நகர்ந்தது. இரண்டு பேரும் பார்க்கிறார்கள் என்று பாதியில் நின்றுவிட்டது. வளைவு வந்ததும் மணிக்கட்டு தானாகத் தூக்கியது. கல்லில் சத்தம் மாறியது, கீச்சென்று.

மச்சினன் தலையை நிமிர்த்தினான். "காலைல இந்தச் சத்தம் வரலயே, மாமா."

அக்காக்காரி கல்லில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள்.

"இன்னொரு தரம் இழுங்க" என்றாள்.