எங்க வழியில் வந்தது

இளைய மகன் நாகராசுவுக்குக் காது குத்த நாள் குறித்தாயிற்று என்று சொல்லத்தான் நல்லதம்பி ஆலங்குடியிலிருந்து வந்திருந்தான். அவன் மனைவி செங்கமலத்தின் தம்பி ரெங்கராஜ், புதுக்கோட்டைக் காலேஜில் பாட்டனி டெமான்ஸ்ட்ரேட்டர்.

"தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். வெள்ளிக்கிழமை வந்துரு, மாப்ள."

மூத்தவன் ஐயனாருக்கும் அவன் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். ஆசாரி கம்பியைச் செருகிய இடத்தில் கசிந்த ரத்தம் மஞ்சளுக்கும் நிற்கவில்லை, வைத்தியர் பச்சிலைக்கும் நிற்கவில்லை. அந்த வாரமே பிள்ளை வெளுத்து அடங்கிப்போனான். குலசாமிக்குக் குறை வைத்துவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. நல்லதம்பி கடலைக்காட்டு வருமானத்தில் கிடா வெட்டினான். இப்போது இளையவனுக்கும் லேசாக இடித்துக்கொண்டாலே முழங்கால் வீங்கிக் கன்றிப்போகிறது.

"குத்த வேணாம், மச்சான். இவனுக்கும் நிக்காது."

"சாமிக்குத்தான் செஞ்சாச்சே?"

"சாமி இல்ல. வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

காலேஜ் லேபில் மாணவர்களுக்காக வெங்காய வேர் நுனியைச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் துண்டில் நசுக்கி வைத்திருந்தான். நல்லதம்பி தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தான்.

"செவப்பா புழு மாதிரி கெடக்கு."

"குரோமோசோம்னு பேரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடத்துல இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும், பாருங்க. அதுக்கு ரெண்டு பக்கமும் கை. நீளவாக்குல ரெண்டா பொளந்திருக்கும். செல்லு பிரியுறப்ப இடுப்பு விட்டு ஆளுக்கொரு பாதி அங்கிட்டும் இங்கிட்டும் போகும். நம்ம ஒடம்புலயும் இதே கதைதான். அப்பன்கிட்ட பாதி, ஆத்தாகிட்ட பாதி வந்து சோடி சேரும். நெறம், ஒசரம், எல்லாம் இதுக்குள்ள வரிசையா இருக்கு."

"சரி."

"அதுல ஒரு சோடி மட்டும் வேற மாதிரி. பொம்பளைக்கு ரெண்டும் நெட்டை. ஆம்பளைக்கு ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. ரத்தத்தை உறைய வைக்கிற சங்கதி நெட்டையிலதான் இருக்கு. பொம்பளைக்கு ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு ஈடு கட்டிரும். ஆம்பளைக்குக் குட்டையில அந்த எடமே கெடையாது. பழுதான நெட்டை வந்துட்டா அவ்வளவுதான்."

நல்லதம்பி நிமிர்ந்தான். "ஆம்பளப் பிள்ளைக்கு நெட்டை யாருகிட்டேருந்து வரும்?"

ரெங்கராஜ் தயங்கினான். "ஆத்தாகிட்டேருந்து."

"அப்ப ஒங்க வழியில வந்தது."

"எனக்கு நேர் மூத்த அண்ணன் சின்ன வயசுல இப்படித்தான் போனான், மச்சான். அப்ப எங்களுக்கும் ஒண்ணும் தெரியாது. அக்கா மேல தப்பில்ல."

நல்லதம்பி தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு போனான். காது குத்து நின்றது. ரெங்கராஜ் நிம்மதியாக இருந்தான்.

அடுத்த வாரம் திருக்கோகர்ணத்தில் அவன் வீட்டு வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. மகள் செவந்தியையும் நாகராசுவையும் இறக்கிவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு செங்கமலம் இறங்கினாள்.

"என் மாமியா பிச்சையம்மா, தெரிஞ்சே கெட்ட ரத்தத்தை எங்க தலையில கட்டிட்டாகன்னு ஊரைக் கூட்டிட்டா. அவரு வாயே தொறக்கல. நீ என்னத்தடா சொன்ன?"

"பிள்ளையக் காப்பாத்தத்தான்க்கா சொன்னேன்."

"சாமி குத்தம்னு இருந்தப்ப எல்லாரும் சேந்து அழுதோம். இப்ப நான் மட்டும் அழுகணும்."

நல்லதம்பி மறுகல்யாணம் செய்துகொண்டான். நாகராசுவை ரெங்கராஜின் மனைவி மீனம்மாள் தரையில் விடாமல் பார்த்துக்கொண்டாள். சுவரோரம் பழந்துணி விரித்து வைத்தாள், மரச்சாமான்களின் முனையெல்லாம் சாக்கு சுற்றினாள். அதையெல்லாம் தாண்டி அவனுக்குப் பால்பல் ஆடியது. ஒருநாள் சோறு தின்னும்போது பல் தானாக விழுந்தது. வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கி விழுங்கி வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் பஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். ரத்தம் ஏற்றும் வசதி அப்போது அங்கே இல்லை. "பல்லு எங்க, ஓட்டு மேல போடணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தவன், பிறகு கேட்கவில்லை.

நல்லதம்பி தனியாக வந்தான். குழியில் மண் தள்ளிவிட்டுத் திரும்பிப் போனான்.

அன்றைக்குச் செவந்தி கேட்டாள்: "எனக்குள்ளயும் அந்தப் பழுது இருக்கா, மாமா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"ஒங்க காலேஜ் பூதக்கண்ணாடியில பாத்தா தெரியாதா?"

"குரோமோசோம்தான் தெரியும். அதுக்குள்ள எந்த எடம் பழுதுன்னு தெரியாது."

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் கீரனூர்ப் பக்கமிருந்து செவந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே செங்கமலம் தம்பியின் கையைப் பிடித்துச் சொன்னாள்: "நீ வாயத் தொறக்காத."

மாப்பிள்ளையின் அப்பா காபியைக் குடித்துக்கொண்டே கேட்டார். "பொண்ணு கூடப் பொறந்தவங்க யாரும் இல்லீங்களா?"

"ரெண்டு பயலுக இருந்தாங்க. காய்ச்சல்ல போயிட்டாங்க" என்றாள் செங்கமலம்.

அவர் ரெங்கராஜைப் பார்த்தார். படித்தவன், காலேஜ் உத்தியோகம்; அவனும் தலையாட்டினால் போதும் என்பது போலிருந்தது பார்வை. ரெங்கராஜ் தலையாட்டினான். அன்றே தட்டு மாற்றினார்கள்.

அவர்கள் போனதும் செவந்தி அவன் முன்னால் வந்து நின்றாள். "ஏன் மாமா சொல்லல?"

"ஒருதடவ சொன்னேன்ல."

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கல்யாணமான மறு ஆடியில் செவந்தி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. பெண்ணாகப் பிறக்க வேண்டும் என்று செங்கமலம் வெள்ளிதோறும் அம்மன் சந்நிதியில் விளக்கேற்றினாள். ரெங்கராஜ் கூடவே போய்க் கைகூப்பி நின்றான். என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பங்குனியில் கீரனூரிலேயே பெண் பிறந்தது. அக்காவும் தம்பியும் பார்க்கப் போனபோது அங்கே யாருக்கும் முகம் சரியில்லை. செங்கமலம் மட்டும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

"பொட்டப் பிள்ளைதான், தம்பி. தப்பிச்சிருச்சு."

"ஆமாக்கா" என்றான் ரெங்கராஜ்.

படுத்திருந்த செவந்தி குழந்தையைப் பார்த்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வெளியே போய் வண்டி பூட்டச் சொன்னான்.