கணேசலிங்கத்தாரின் சப்பாத்து

பிரஷாந்தினி பல்கலைக்கழகத்துக்காக எழுதிக்கொண்டிருந்தது ஹைரம் டாட் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையை. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் வெர்மான்ட்டில் வங்கி வைத்திருந்தவர். வங்கிக்காரருக்கு ஊரில் மதிப்பு. மதிப்பு வந்தவருக்குச் சட்டசபை ஆசை. ஊரார் போட்டுவைத்த பணத்தை எடுத்துத் தேர்தலில் இறைத்தார், வென்றும் விட்டார். ஆட்கள் பணம் கேட்டு வந்தபோது மகள்தான் கதவைத் திறந்து, "அப்பா வீட்டில் இல்லை" என்றாள். அப்பா மேல்மாடியில் இருந்தார். பிறகு எல்லை தாண்டி மொன்ட்ரியாலுக்கு ஓடிவந்து, இங்கேயே சுகமாக வாழ்ந்து செத்தார்.

அந்த மகளை ஒரு பக்கம் முழுக்கக் காறித் துப்பியிருந்தாள் பிரஷாந்தினி, படித்தவர்கள் துப்பும் விதத்தில்.

தன் அப்பாவை அவள் அந்த ஆளோடு சேர்த்து நினைத்ததே இல்லை. கணேசலிங்கம் அதே மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் வருடக்கணக்காகச் சீட்டு நடத்தும் தாச்சி. ரசீது கிடையாது, கையெழுத்துக் கிடையாது. தாச்சியின் வாய்ச்சொல்தான் எல்லாம். "எங்கட பாங்க்" என்று சனம் செல்லமாகக் கூப்பிட்டது. அது தலைக்கேறி, மனிதர் நகரசபைத் தேர்தலில் நின்றார். சுவரொட்டி, மண்டபம், ஆட்டிறைச்சி விருந்து. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று சீட்டுக்காசு கரைந்தது. ஞாயிற்றுக்கிழமை தோற்றார். டாட்டாவது வென்றார்.

செவ்வாய்க்கிழமை சீட்டு எடுக்கும் முறை அருளம்மாவுடையது. மட்டக்களப்பில் மகனுக்குச் சிறுநீரக ஆப்பரேசன். அதற்காகவே இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக் கட்டிய சீட்டு. அவர் வந்து வாசல் மணியை அடித்ததும் கணேசலிங்கம் அறைக்குள் ஓடினார்.

"நான் ரொறொன்ரோ போயிட்டன் எண்டு சொல்லு பிள்ளை. உன்னைக் கும்பிட்டன்."

உண்மையிலேயே கைகூப்பினார். பிரஷாந்தினி கதவைத் திறந்து அப்படியே சொன்னாள். டாட்டின் மகளைவிட நன்றாகவே சொன்னாள்.

அருளம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கால்மிதியைப் பார்த்தார். சற்றுமுன் கழற்றிய கணேசலிங்கத்தின் சப்பாத்து, பனி உருகிச் சொட்டச் சொட்டக் கிடந்தது. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகும் சனம் நாங்கள். ஆள் ஒளியலாம், சப்பாத்தை ஒளிக்க நினைவு வராது.

அருளம்மா குனிந்து அதை எடுத்து ஹீட்டரின் மேல் வைத்தார்.

"நல்லா நனைஞ்சி போச்சு மகள். இப்படியே விட்டா நாளைக்குப் போட ஏலாது."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார்.

பிரஷாந்தினிக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள்.

"போயிட்டாவோ?" என்றார் அப்பா.

"படியிலதான் இறங்கிறா. இதைப் போடுங்கோ."

"கையில ஒரு சதமும் இல்லைப் பிள்ளை. போய் என்னத்தைச் சொல்லுறது?"

"அதைத்தான் சொல்லுங்கோ அப்பா. உங்கட வாயால சொல்லுங்கோ."

கணேசலிங்கம் ஈரச் சப்பாத்துக்குள் காலை விட்டார். நாடாவைக் கட்டாமலே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அக்கா... அருளம்மாக்கா, நில்லுங்கோ!"

அந்தக் குரலைக் கேட்டவர்கள் யாரும் அவரை இனி பாங்க் என்று கூப்பிடமாட்டார்கள்.