வெள்ளிக்கிழமை உடுப்பு

“வெள்ளிக்கிழமை நானும் ஜீன்ஸ் போட்டுத்தாங்க வருவேன், துரை.”

தோட்டத்து மானேஜரிடம் மேர்சி இப்படி நேராகச் சொன்னதும் பெரிய கிளாக்கர் நல்லையாவின் பேனா அப்படியே நின்றது. அவள் ஆபீசில் சேர்ந்த அன்றைக்கே அவர் புத்திமதி சொல்லி வைத்திருந்தார்: “எது வேணும்னாலும் எங்கிட்ட சொல்லு புள்ள, துரைகிட்ட நேரா கேக்காத. அதிலயும் உடுப்பு விஷயம் கேக்கவே கேக்காத.” லயத்தில் குடியிருக்கும் தொழிலாளர்கள் கேட்பது கிளாக்கர் வாய் வழியாகப் போய், பாதி வழியில் செத்து, மிச்சம் துரையின் காதில் விழுவதுதான் தேயிலைத் தோட்டத்துச் சம்பிரதாயம். பெலிஹுல்ஓயா கெம்பஸில் புள்ளிவிபரவியல் படித்தவள் மண்டையில் இது மட்டும் ஏறவில்லை.

அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டிய நேரம் வேறு. லயத்திலிருந்து வந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். அதற்காக அம்மா மரியம்மா மாதாவுக்கு நேர்த்தி வைத்துக் காத்திருந்தாள்.

எல்லாம் கொழும்பிலிருந்து வந்த சுற்றறிக்கையின் வினை. இனி வெள்ளிக்கிழமைகளில் ஆபீஸ்காரர்கள் விரும்பியதை உடுக்கலாம், ‘உங்களை நீங்களாகவே வெளிப்படுத்துங்கள்’ என்று கம்பனி பெரிய மனது பண்ணியிருந்தது. துரை உடனே தன்னை வெளிப்படுத்திக்கொண்டார்: அரைக்கால்சட்டை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து துரைமார் முழங்காலைக் காட்டிக்கொண்டுதான் மலையில் திரிகிறார்கள், அதற்கு ஒரு சுற்றறிக்கை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. உதவி மானேஜர் சின்னத்துரை கிரிக்கெட் ஜெர்சியில் வந்தார். நல்லையா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். மத்தியானத்துக்குள் பயந்துபோய்ப் பூட்டிவிட்டார்.

மேர்சிக்கு மட்டும் வெள்ளிக்கிழமையும் சேலைதான் என்பது துரையின் கட்டளை.

“ஒனக்கு வேற உடுப்பு வந்திருக்கு” என்றார் துரை.

பக்கத்தில் இருந்த நிலுஷா, ஊழியர் விவகாரம் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த சிங்கள அம்மணி, ஒரு பையைப் பிரித்து மேசையில் பரப்பினாள். ஜரிகை வைத்த சிவப்புச் சேலை. அழுத்தி மாட்டும் மூக்குத்தி. இரண்டு கை கொழுந்துக்கு மேல் பிடிக்காத பொம்மைக் கூடை.

“நங்கி, எவ்வளவு லஸ்ஸனயா, அழகா இருக்கு பாருங்க! வெள்ளிக்கிழமை டூரிஸ்ட் வாறாங்க. இத கட்டிக்கிட்டு தேயிலை ஸ்டோர் வாசல்ல நின்னா போதும். இங்கிலீசும் பேசுவீங்க. உங்க கல்ச்சர்தானே!”

“நான் கணக்கு பாக்க வந்தவ, மிஸ்.”

“அதையும் பாரேன், யாரு வேணாங்கிறா?” என்றார் துரை, தாராளமாக.

“ஜரிகை நல்ல ஜரிகைங்க” என்று நல்லையா ஒத்து ஊதினார்.

மேர்சி சேலையைத் தொடவில்லை. “எங்கம்மா இன்னைக்கு என்ன போட்டுக்கிட்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போச்சு தெரியுமாங்க? எலெக்‌ஷனுக்குக் குடுத்த டீசேர்ட். அதுக்கு மேல தம்பியோட பழைய ஸ்கூல் சட்டை. இடுப்புல உரப்பைய வெட்டிச் சுத்தின படங்கு. கால்ல அட்டை கடிக்காம பூசின சவுக்காரம். நானும் அப்படியே வந்து நிக்கிறேங்க. என்னைய நானாவே வெளிப்படுத்தின மாதிரியும் இருக்கும்.”

நிலுஷா முகத்தைச் சுளித்தாள். “அனே, அப்படி நின்னா யாரு போட்டோ எடுப்பாங்க?”

ஆக, கொழுந்து எடுக்கிறவள் கொழுந்து எடுக்கிறவள் மாதிரி இல்லையாம். ஒரு நாளும் கூடை சுமக்காத, கணக்குப் பார்க்கிறவள்தான் அப்படித் தெரிய வேண்டுமாம். படித்த படிப்புக்குக் கம்பனி கண்டுபிடித்த உபயோகம் இதுதான்: இங்கிலீஷ் பேசும் பொம்மை.

“இங்க பார்,” துரை நாற்காலியில் சாய்ந்தார். “அடுத்த மாசம் ஒன்ன நிரந்தரமாக்க நான்தான் கையெழுத்து வைக்கணும். வெள்ளிக்கிழமை இந்தச் சேலை. வெளங்குதா?”

“நல்லா வெளங்குதுங்க.”

நல்லையா பெருமூச்சு விட்டார், பெண் வழிக்கு வந்துவிட்டாள் என்று. மேர்சி சேலையை எடுத்தாள். மடிப்புக் கலையாமல் நிலுஷாவின் மடியில் வைத்து, அதன் மேல் கூடையையும் வைத்தாள்.

“நீங்களே கட்டிக்குங்க மிஸ். ஒங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்.”

மேசைச் சாவியைக் கழற்றி நல்லையாவின் முன்னால் போட்டாள். அவர் எழுந்தேவிட்டார்.

“ஒரு நாள் கூத்துக்குப் போயி இப்படியா? ஒங்கம்மாவ நெனச்சுப் பாரு புள்ள!”

“அவங்கள நெனச்சுத்தாங்க ஐயா.”

“ஏய்!” என்று பின்னால் துரை கத்தினார். அது அவளுடைய பெயர் இல்லை. திரும்பாமல் படியிறங்கி, தெரணியகலை டவுனுக்குப் போகும் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.