இரண்டாவது ஆள் படிக்கணும்

மாதா கோயில் உபதேசியார் அமிர்தசாமி இரண்டு மணி பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போகிறார். அதற்குள் மனு அவர் கைக்குப் போயாக வேண்டும். மணி ஒன்றரை ஆகியிருந்தது. காஸ்பர் பேனாவில் மை நிரப்பிக்கொண்டிருந்தான்.

மனு மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு. செத்துப்போன மனைவியின் தங்கை ஜோசப்பினைக் காஸ்பர் கட்டிக்கொள்ள வேண்டுமானால் அவருடைய அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மாட்டார்கள். இன்றைக்கு மனு போனால் அடுத்த சனிக்குள் பதில் வந்துவிடும். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, விபூதிப் புதனுக்கு முன்னால் தாலி கட்டிவிடலாம். இன்றைக்கு விட்டால் அந்தப் புதனில் தொடங்கும் தபசு காலம் குறுக்கே வரும். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணப் பேச்சே இல்லை. அதற்குள் ஜோசப்பின் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையை எழுதி முடித்திருப்பாள்.

அந்தக் கணக்கு அவளுக்கும் தெரியும். காலையில் கிணற்றடியில் அவனை மடக்கினாள்.

"மாமா, வாணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். நைனா உங்க பேச்சைத் தட்ட மாட்டாரு. நான் சொன்னா அடிதான் வுழும்."

"பார்க்கிறேன்" என்றான் காஸ்பர்.

"இன்னாத்த பாக்கப் போறீங்க? நாலு மாசமா சுவத்தைத்தானே பாத்துக்கினு இருக்கீங்க."

அது உண்மைதான். மனைவி இருதயமேரி மஞ்சள்காமாலையில் போய் நாலு மாதம். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் காஸ்பர் தலையாட்டினான். சவப்பெட்டிக்கு எந்தப் பலகை என்று கேட்டார்கள், தலையாட்டினான். குழந்தையை மாமியார் இங்கேயே இருந்து பார்த்துக்கொள்ளட்டுமா என்றார்கள், தலையாட்டினான். தங்கச்சியையே கட்டிவிடலாம் என்று பேச்சு வந்த அன்றும் தலையாட்டினானாம். அவனுக்கு நினைவில்லை.

மாமனார் லூர்துநாதன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கடலைக்கொல்லையிலிருந்து நேரே வந்தவர். காலில் செம்மண் காய்ந்திருந்தது. மாமியார் சவரியம்மாள் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்க மாப்ளே. தாயில்லாப் புள்ள, சொந்த சித்திதான் வளக்கணும். பொண்ணு மனசார ஒத்துக்கிச்சு. படிப்ப நிறுத்தியாச்சு. பெரிய மனசு பண்ணி உத்தரவு தரணும். அவ்ளோதான். தாலுக்கா ஆபீஸ்ல எழுதுற மாதிரி அழகா எழுதுங்க."

"ஈஸ்டர் வரைக்கும் தாங்காதுன்னு எழுதச் சொல்லுங்க" என்றாள் சவரியம்மாள். "எனக்கு முட்டி மடங்கல. ராவெல்லாம் இது அழுவுது. ஊர்ல வேற ஒவ்வொருத்தியும் ஒண்ணு பேசுறா."

"பரீட்சை முடியற வரைக்கும்..." என்று சமையலறை வாசலிலிருந்து ஜோசப்பின் ஆரம்பித்தாள்.

"கல்யாணம் ஆனப்புறம் பரீட்சை இன்னாத்துக்கு? புள்ள அழுதா பூகோளம் படிச்சுக் காட்டுவியா?" என்றாள் சவரியம்மாள்.

காஸ்பர் எழுத ஆரம்பித்தான். முதல் இரண்டு வரி மாமனார் சொன்னபடியே வந்தது. 'பெண்' என்று எழுதியதும் பேனா நின்றது. சமையலறை வாசலில் இருந்த ஜோசப்பின் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் திறக்கவில்லை. கைதான் ஓடியது.

'பெண்ணுக்கு இதில் சம்மதமில்லை. அவள் பரீட்சை எழுத விரும்புகிறாள். எனக்கும் சம்மதமில்லை. வீட்டில் நேராகச் சொல்லத் தைரியம் இல்லாததால் இதில் எழுதுகிறேன். தயவுசெய்து அனுமதி தர வேண்டாம்.'

"படிங்க" என்றார் லூர்துநாதன்.

காஸ்பர் தாளைக் கையில் எடுத்தான். அதில் இல்லாததைப் படித்தான். பெண் மனமுவந்து சம்மதிக்கிறாள், படிப்பை நிறுத்திவிட்டோம், கருணைகூர்ந்து உத்தரவு தர வேண்டும். குரல் ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

"நல்லாக்குது" என்றார் லூர்துநாதன். சவரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆபீஸிலிருந்து கொண்டுவந்த மைப்பெட்டியைக் காஸ்பர் நகர்த்தினான். பெண்ணின் தகப்பனாகக் கைநாட்டு வைக்க லூர்துநாதன் இடது கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். தாளுக்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"ஜோசப்பின், இங்க வா. இத்த ஒரு தபா படி."

காஸ்பர் இதை எதிர்பார்க்கவில்லை.

இது அவனுக்குத் தெரியாத பழக்கமல்ல. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தளவானூர்ப் பக்கத்து மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு விடுகிறோம் என்று ஒரு பத்திரத்தில் லூர்துநாதன் விரல் வைத்தார். குத்தகை நெல் வாங்கப் போனபோதுதான் அது கிரயப் பத்திரம் என்று தெரிந்தது. எழுதினவனே படித்தும் காட்டியிருந்தான். அதிலிருந்து, ஒருவர் எழுதினால் இன்னொருவர் படிக்க வேண்டும், அப்புறம்தான் விரல். அந்த இன்னொருவர் சொந்த ரத்தமாக இருக்கட்டும் என்றுதான் ஊரில் மற்றப் பெண்கள் களை பிடுங்கப் போன நாளில் சின்ன மகளைப் பள்ளிக்கு அனுப்பினார். எல்லாம் இருதயமேரி சொல்லி அவன் கேட்டதுதான். பி.ஏ. படித்த மருமகனுக்கு அது பொருந்தாது என்று நினைத்துவிட்டான்.

"மாப்ள மேல நம்பிக்கை இல்லாம இல்ல" என்றார் லூர்துநாதன். "பழக்கமாயிடுச்சு."

ஜோசப்பின் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தாளை வாங்கினாள். அவள் கண் மேலிருந்து கீழே இறங்குவதைக் காஸ்பர் பார்த்தான். பாதியில் நின்றது. மறுபடி மேலே போய் இறங்கியது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் படித்ததையே அவளும் படித்தால் போதும். காதால் கேட்டதுதானே. மனு போய்விடும், அனுமதி வராது, பரீட்சை நடக்கும். யாருக்கும் தெரியாது.

தெருவில் எலக்ஷன் ஜீப் ஒன்று ஒலிபெருக்கியை அலறவிட்டுக்கொண்டு போனது. ஓட்டுக் கேட்கும் சத்தம் சுவர் அதிர உள்ளே வந்தது. அது தேரடி தாண்டும்வரை லூர்துநாதன் மை பூசிய விரலைத் தூக்கியபடியே இருந்தார்.

"படி. பஸ்ஸுக்கு நேரமாவுது."

அவள் படித்தாள். முதல் இரண்டு வரி. அப்புறம் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"பெண்ணுக்கு இதில் சம்மதமில்லை. அவள் பரீட்சை எழுத விரும்புகிறாள்..."

எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே கடைசி வரை படித்தாள். தைரியம் இல்லாததால் என்ற இடத்தையும் விடவில்லை. தூளி ஆடுவது நின்றுபோயிருந்தது.

"அடிப் பாவி, நீயா சேத்துப் படிக்கிறியா?" என்றாள் சவரியம்மாள்.

"இல்லை அத்தை. அப்படித்தான் எழுதியிருக்கிறேன்" என்றான் காஸ்பர்.

லூர்துநாதன் அவனைப் பார்த்தார். கத்துவார் என்று காஸ்பர் காத்திருந்தான். அவர் குரல் ஏறவே இல்லை.

"பத்திரம் எழுதுனானே, அவன் எட்டாங்கிளாசு. நீங்க பி.ஏ."

நாலு மாதமாக எதுவும் உறைக்காத உடம்பில் அது உறைத்தது. காது சுட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

லூர்துநாதன் மகள் பக்கம் திரும்பினார். "அவுரு படிச்ச மாதிரியே நீயும் படிச்சிருந்தா உங்காரியம் முடிஞ்சிருக்குமே. ஏன் படிக்கல?"

"இதுல மாத்திப் படிச்சேன்னா..." அவள் தாளை மடித்தாள், பிரித்தாள். "நாளைக்கு நான் எதைப் படிச்சாலும் நீ இன்னொரு ஆளத் தேடணும் நைனா."

வாசலில் செருப்புச் சத்தம். உபதேசியார் குடையோடு நின்றார். "யோவ் லூர்து! டிரைவரு ஏறி உக்காந்துட்டான்யா. மனு எங்க?"

லூர்துநாதன் விரலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். தாள் மகள் கையில் இருந்தது.

"மாப்ளே, எழுதினது போதும். இப்ப வாயால சொல்லுங்க. வேணுமா, வாணாமா?"

"சொல்லித் தொலைங்கப்பா, எனக்கு சீட்டுப் போயிடும்" என்றார் உபதேசியார்.

"வேண்டாம் மாமா" என்றான் காஸ்பர். கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னான். "எனக்கு வேண்டாம். அவள் பரீட்சை எழுதட்டும்."

"மனு இல்ல உபதேசியாரே. நீங்க போய்ட்டு வாங்க."

உபதேசியார் ஆளாளுக்கு முகம் பார்த்தார். எதுவும் விளங்காமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

"அப்ப புள்ள?" என்றாள் சவரியம்மாள். "என் முட்டி? யாரு பாப்பாங்க?"

சத்தத்தில் குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. ஜோசப்பின் பழக்கத்தில் தூளியை நோக்கி ஓரடி வைத்தாள்.

"நீ போய் புக்க எடு" என்றார் லூர்துநாதன். துண்டில் விரலைத் தேய்த்துக்கொண்டே மருமகனைப் பார்த்தார். "வாணாம்னு சொன்னவருதான ஆட்டணும். எழுந்திருங்க மாப்ளே."

காஸ்பர் எழுந்தான். தூளிக் கயிற்றை எந்தப் பக்கம் பிடிப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. சவரியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே அவன் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள்.